சூளை கட்டியவர்

ஜப்பானியப் பாணி கைவினைக் கோப்பை என்றதும் நம்ம மனசில் வருவது என்ன? விளிம்பு கொஞ்சம் கோணியிருக்கும், மேற்பூச்சு பாதியில் வழிந்து நிற்கும், விரல் தடம் தெரியும். "வாபி-சாபி" என்று பெயர் சொல்லி விற்பார்கள். கணக்குப் பார்க்காத கை, மண்ணோடு பேசும் கைன்னு ஒரு கற்பனை அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்தக் கற்பனை எனக்கு எப்போதுமே கொஞ்சம் உறுத்தும்.

இந்த ரசனையை மேற்குக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் பெர்னார்ட் லீச். ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலேயர், ஓவியம் படித்தவர். 1911இல் டோக்கியோவில் ஒரு விருந்தில் விளையாட்டாக ஒரு ராகு தட்டில் சித்திரம் தீட்டினார். கொஞ்ச நேரத்திலேயே அது சூளையிலிருந்து வெந்து வெளியே வந்தது. மனிதர் அதோடு மாறிவிட்டார். 1920இல் நண்பர் ஷோஜி ஹமாடாவையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் பட்டறை போட்டார்.

இடம் தேர்ந்தெடுத்த லட்சணத்தைப் பாருங்க: விறகுச் சூளைக்கு வேண்டிய மரமும் சரியில்லை, ஏற்ற களிமண்ணும் பக்கத்தில் இல்லை! இருவரும் சேர்ந்து சரிவில் ஏறும் ஜப்பானியச் சூளை ஒன்றைக் கட்டினார்கள். மேற்கு நாடுகளிலேயே அதுதான் முதலாவது என்பார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை.

அப்போது வந்தவர்தான் மட்சுபயாஷி ட்சுருனொசுகே. கியோட்டோ அருகே உஜியில், தலைமுறை தலைமுறையாக அசாஹி பாண்டங்கள் செய்துவந்த குடும்பம். 1922-23இல் பழைய சூளைக்குப் பதிலாக மூன்று அறைகள் கொண்ட புதுச் சூளையைக் கட்டினார். இந்தச் சூளையின் சூட்சுமம் எளிது. கீழறையில் எரியும் நெருப்பு வெளியே ஓடாமல் அடுத்த அறைக்குள் நுழைந்து அதைச் சூடேற்றும். கீழே வெந்து முடிந்ததும், ஏற்கெனவே பாதி சூடான மேலறைக்குப் பக்கவாட்டில் விறகு போட்டால் போதும். கேட்க எளிது. கட்டுவதற்கு அளவு தெரியணும்.

அவர் பட்டறையில் இருந்தவர்களுக்கு மண், மேற்பூச்சு, வெப்பம் பற்றி முறையாக வகுப்பும் எடுத்தார். லீச்சோ அவரது தொழில்நுட்பத்தை மதித்த அளவுக்கு ரசனையை மதிக்கவில்லை. கதையும் அப்படியே எழுதப்பட்டது: லீச், ஹமாடா என்று இரண்டு கலைஞர்கள், ஓரத்தில் ஒரு கொத்தனார்.

சரி, ஹமாடா மட்டும் என்ன, படிக்காத கிராமத்துக் குயவரா? டோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளியில் படித்து, கியோட்டோவின் மட்பாண்ட ஆய்வு நிலையத்தில் மேற்பூச்சுகளைச் சோதித்தவர். அந்தப் பள்ளியில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டதே காட்ஃப்ரீட் வாகெனர் என்ற ஜெர்மன் வேதியியலாளர். அதாவது, பின்னாளில் "கிழக்கின் ஞானம்" என்று மேற்கு கொண்டாடியதில் ஐரோப்பிய ஆய்வகத்தின் பங்கும் இருந்தது. பெயர் தெரியாத கைவினைஞனின் அழகைப் போற்றிய யனகி சோஎட்சு இவர்கள் எல்லோருக்கும் நண்பர். பெயர் மறக்கப்பட்ட கைவினைஞர் ஒருவர் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தார் என்பதுதான் வேடிக்கை.

1930களில் லீச்சின் மகன் டேவிட், ஆலைப் பீங்கானின் தலைநகரான ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டுக்குப் போய்த் தொழில்நுட்பம் படித்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆலைக்கு எதிராகத்தானே அவர் பட்டறையே போட்டார்! ஆனால் மகன் திரும்பி வந்து மண் கலவையையும் சூளையையும் ஒழுங்குபடுத்திய பிறகுதான் பட்டறை தட்டுத்தடுமாறாமல் நடந்தது. சாதாரண வீடுகளுக்கான கிண்ணம், ஜாடி, மூடி போட்ட சட்டி என்று ஒரே மாதிரிப் பாண்டங்களை அங்கே தொடர்ந்து செய்ய முடிந்தது அதனால்தான்.

மட்சுபயாஷி 1924இல் ஊர் திரும்பிவிட்டார். அவர் கட்டிய சூளையில் பிறகு விறகுக்குப் பதிலாக எண்ணெய் எரித்தார்கள். 1970கள் வரை அதில்தான் பாண்டங்கள் வெந்தன. இப்போது செயின்ட் ஐவ்ஸ் போனால் மூன்று அறைகளையும் பார்க்கலாம். வாசலில் இருக்கும் பெயர் லீச்.