தங்கவயலார் வேலை தேடிய வரலாறு

நற்காலத்தில் வேலை தேடும் வழி வேறு. நலிவு வந்துற்ற காலத்தில் தேடும் வழி வேறு. இதற்குச் சான்று காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உள்ள கோலார் தங்கவயலே போதும்.

1880இல் ஜான் டெய்லர் கும்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வட ஆர்க்காட்டிலிருந்து நம்மவர் திரளாகக் குடியேறினர். அவருள் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்கள். அந்நாளில் வேலை தேடுதல் என்பது உறவினரைத் தேடுதலே. முன்னே வந்த அண்ணன் தம்பியை அழைத்தான். தந்தைக்குப் பின் மைந்தன் சுரங்கத்தில் இறங்கினான். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின; 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றிற்று. அப்போதும் ஊர் முழுதும் ஒரே வாயிலையே நம்பி நின்றது.

சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தைக் கடந்தது, பொன் அருகியது, எடுக்கும் செலவு விற்கும் விலையை விஞ்சியது. 1990களின் இறுதியில் உலகச் சந்தையிலும் பொன் விலை வீழ்ந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

பாறை துளைக்கவும் வெடி வைக்கவும் பழகிய கைகளுக்கு வேறிடத்தில் மதிப்பு ஏது? காவல் வேலை, கட்டட வேலை, ஆயத்த ஆடைத் தையல் என எது கிடைப்பினும் ஏற்றனர். ஆயினும் பலர் குடிபெயரவில்லை. பெங்களூர் வாடகை எட்டாதது. சுரங்க வரிசை வீடுகளோ தலைக்கு மேல் இருந்த ஒரே கூரை. ஆதலின் மாரிக்குப்பத்தில் விடியுமுன் இரயிலேறி, ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம், கண்டோன்மெண்ட் என இறங்கி உழைத்து, இரவில் மீண்டனர். எங்கே ஆள் வேண்டும், எவர் கூலியைத் தாமதமின்றித் தருவார் என்னும் செய்தி பெட்டிக்குள்ளேயே பரவிற்று. இரயிலே அவர்தம் வேலைவாய்ப்பு அலுவலகம். சீசன் டிக்கெட்டே முதலீடு. சுரங்கத்தின் பொருட்டு 1894இல் திறக்கப்பெற்ற கிளைப்பாதை, சுரங்கம் போனபின் ஊரைக் காத்தது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பயணிகள் இரயில்கள் நின்றபோது, அவர்கள் கூலியை மட்டுமன்று, வேலைச் செய்தி வரும் வழியையும் இழந்தனர்.

சீட்டு வழங்கும் நாம் நீட்டிய கையைக் கண்டோம்; முகத்தை நிமிர்ந்து நோக்கினோமில்லை. அலுவலகங்களிலும் ஆலைகளிலும் நிலைபெற்றுவிட்ட சங்கத்தார், தத்தம் இடத்தில் காலியாகும் வேலையைத் தங்கவயலாருக்கு ஒரு சொல் அறிவித்தல் கூடாதா? நம் முன்னோர்க்கும் இந்நகரில் முதல் வேலை, எவரோ சொன்ன ஒரு சொல்லால் வாய்த்ததன்றோ!