பிடிமண்

பிழைப்புத் தேடி ஊரை விட்டகன்ற நம் முன்னோர், குலதெய்வக் கோயிலின் மண்ணில் ஒரு பிடியை முடிந்து எடுத்துச் சென்று, குடியேறிய இடத்தில் அதனை வைத்து வழிபாடு தொடங்கினர். பிடிமண் என்னும் இச்சொல்லுக்குப் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் இன்னொரு வழக்கும் உண்டு. அய்யனாருக்குப் புரவி எடுப்பு நடத்த ஊர் கூடி முடிவு செய்ததும், மண்ணுருவம் வனையும் வேளாரிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுப்பர். குதிரை செய்வதற்கான ஒப்படைப்பு அதுவே.

கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நான்கு கால்களையும் குழாய்போல் வனைவர். அவை இறுகிய பின்னரே வயிறு. வயிறு இறுகிய பின் கழுத்தும் தலையும். அவசரப்பட்டால் குதிரை தன் பாரத்தாலேயே அமர்ந்துவிடும். உள்ளே கூடாக இருப்பதால்தான் ஆளுயர உருவமும் சூளையில் வெடிக்காமல் வேகிறது. பின்னர்க் கண் திறந்து, தோளில் சுமந்து சென்று, கோயில் காட்டில் பழைய குதிரைகளின் பக்கத்தில் நிறுத்துவர். குழந்தைக்காக நேர்ந்துகொண்ட மதலைகளும் அங்கே நிற்கும்.

அதன்பின் அவற்றை யாரும் பேணுவதில்லை. மழை காதை உதிர்க்கிறது. வேர் வயிற்றைப் பிளக்கிறது. தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் அய்யனார் குதிரைகளைக் கண்ட நம் பிள்ளைகளுக்கு இது அசட்டையாகத் தோன்றலாம். அருங்காட்சியகம் பொருளைக் காக்கிறது. அது அதன் கடமை. ஊரோ செய்யும் கையைக் காத்தது. பழையது சிதைந்ததனாலன்றோ வேளாரின் மகன் தந்தையருகில் அமர்ந்து மறுபடியும் வனையக் கற்றான்!

மண் வனையும் கைக்குத் தமிழகத்தில் நீண்ட வரலாறு உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட முதுமக்கள் தாழிகள் அதற்குச் சான்று. புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் இறந்தபோது இரங்கிப் பேசுவது அரசவையோடு அன்று. தாழி வனைய வேண்டிய குயவனோடு. இத்துணைப் புகழுடையானை அடக்கும் தாழியை நீ எப்படி வனைவாய் என்பதே அவர் கவலை.

இன்று பல ஊர்களில் வண்ணம் பூசிய சிமெண்டுக் குதிரைகள் நிற்கின்றன. களிமண்ணும் விறகும் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில் ஊராரை மட்டும் குறை கூறுவது முறையன்று. நமக்கும் இதில் பங்குண்டு. தலைக்கட்டு வரியோடு நன்கொடையும் அனுப்பும் நம்மவருள் சிலர், உபயதாரர் பெயர் நிலைக்க வேண்டுமென்று சிமெண்டையே விரும்புகின்றனர். அக்குதிரை நின்றபின் பிடிமண் கொடுக்கும் நாள் வருவதில்லை. வேளாரின் மகனும் நம்மைப்போல் ரயிலேறுகிறான்.