ஒரு பிடி தானியமும் ஒரு பொதுப் பந்தியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பிடியரிசி என்றால் நம்மில் வயதானவர்களுக்கு விளக்கம் வேண்டாம். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். பொதுக் காரியத்துக்கென்று யாராவது வந்து வாங்கிப் போவார்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி வீடுவீடாகச் சேர்ந்த அரிசியில் நடந்தது என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதே வழியில் மராட்டியத்தில் ஒருவர் கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் கொண்டு போனார். பெயர் பாவுராவ் பாட்டீல். அங்கே 'கர்மவீர்' என்று சொன்னால் போதும், அவரைத்தான் குறிக்கும்.

1887 செப்டம்பர் 22 அன்று கோலாப்பூர் பக்கத்தில் கும்போஜ் என்ற ஊரில், சமணக் குடும்பத்தில் பிறந்தவர். கோலாப்பூரில் ராஜாராம் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பில் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. மெட்ரிக்குலேஷனைத் தாண்டவில்லை. சமண மாணவர் விடுதியில் தங்கியிருந்தபோது, தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதித் திறப்பு விழாவுக்குப் போய்வந்தார். குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றார். விடுதியை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஆதரவாக இருந்தவர் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ். 1902-லேயே அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 விழுக்காடு ஒதுக்கியவர் அவர்.

பிறகு பிழைப்புக்காகப் பாவுராவ் விற்பனைப் பிரதிநிதி ஆனார். ஓகலே கம்பெனியின் லாந்தர் விளக்குகள், கிர்லோஸ்கரின் இரும்புக் கலப்பைகள். இவற்றை விற்க ஊர் ஊராகச் சுற்றினார். கலப்பை வாங்கும் விவசாயிக்கு ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. ஊரில் பள்ளிக்கூடம் இல்லை, இருந்தாலும் சில பிள்ளைகளுக்கு வாசலுக்கு வெளியேதான் இடம். பயிற்சிக் கல்லூரியில் கற்றுத்தராத பாடம் அவருக்கு இந்தச் சுற்றலில் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

1919 அக்டோபர் 4. கராடு அருகே காலே என்ற கிராமம். ஜோதிராவ் புலே தொடங்கிய சத்தியசோதக் இயக்கத்தாரின் கூட்டத்தில் 'ரயத் சிட்சண் சன்ஸ்தா' பிறந்தது. 'ரயத்' நமக்கு அந்நியச் சொல் இல்லை. தாமஸ் மன்றோவைப் பற்றிப் படிக்கும்போது ரயத்துவாரி முறை என்று மனப்பாடம் செய்தோமே, அதே ரயத்துதான். குடியானவர், பொதுமக்கள் என்று பொருள். மன்னர் பெயரோ சாமி பெயரோ இல்லாமல், குடிமக்கள் கல்விக் கழகம் என்றே பெயர் வைத்தார்.

1924-இல் அமைப்பைச் சாத்தாராவுக்கு மாற்றி, விடுதி தொடங்கினார். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துவது அன்று புதிதல்ல. சாகு மகராஜே கோலாப்பூரில் பல விடுதிகளை ஏற்படுத்தியிருந்தார். ஆனால் மராத்தியருக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று அவை தனித்தனி. ஒரே கூரையின் கீழ் சேர்த்தால் எந்தச் சாதிக்காரரும் பிள்ளையை அனுப்ப மாட்டார் என்பது அன்றைய நிலைமை. பாவுராவ் அதைத்தான் செய்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தங்கி, முறைபோட்டுச் சமைத்து, ஒரே பந்தியில் சோள ரொட்டி தின்றார்கள். 1927-இல் காந்தி வந்து பார்த்து, விடுதிக்குச் சாகு மகராஜின் பெயரைச் சூட்டினார்.

பணம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் நம் பிடியரிசி வருகிறது. மராத்தியில் 'முஷ்டி ஃபண்ட்'. வீட்டுப் பெண்கள் எடுத்து வைக்கும் கைப்பிடித் தானியம். சோளமோ கம்போ, எது விளைகிறதோ அது. ஒரு செல்வந்தர் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் பள்ளி அவருடையதாகிவிடும். ஆயிரம் அடுப்படியிலிருந்து ஒரு பிடி வந்தால் அது ஊருடைய பள்ளி. கொடுத்த பெண்மணி நாளைக்குத் தன் பிள்ளையையும் அனுப்புவாள்.

எல்லா நாளும் தானியம் வந்துவிடவில்லை. பாவுராவ் வெளியூர் போயிருந்த ஒரு சமயம் விடுதியில் சமைக்க ஒன்றுமில்லாமல் போனது. அவர் மனைவி லட்சுமிபாய் நகைகளை ஏற்கெனவே இழந்திருந்தார். மிஞ்சியிருந்த தாலியையும் கழற்றிக் கொடுத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார். ஆசாரமான குடும்பத்தில் பிறந்த பெண், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் தாயாக இருந்து, 1930-இல் மறைந்தார். பாவுராவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அம்மையாரை ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

1935-இல் சாத்தாராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். கிராமத்துப் பள்ளிக்குக் கட்டடத்தைவிட வாத்தியார் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. (வாத்தியார் இல்லாத வகுப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.) 1940-இல் மகராஜா சாயாஜிராவ் பெயரில் கட்டணமில்லாத உறைவிட உயர்நிலைப் பள்ளி. 1947-இல் சிவாஜி கல்லூரி. மாணவர்கள் நிலத்தில் உழைத்தார்கள், கல் உடைத்தார்கள், சுவர் எழுப்பினார்கள். உழைத்துப் படி என்பதுதான் திட்டம். பிள்ளைகளிடம் வேலை வாங்கலாமா என்று இன்று கேட்போம், கேட்கவும் வேண்டும். ஆனால் தரும விடுதியில் சாப்பிடுகிற பிள்ளை எவ்வளவு கூனிக் குறுகி உட்காரும் என்பதை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். தான் போட்ட வெங்காயத்தைத் தானே தின்கிற பிள்ளைக்கு அந்தக் கூச்சம் இருந்திருக்காது.

விடுதலைக்குப் பிறகுதான் பெரிய சோதனை வந்தது. பாவுராவ் யாருக்கும் பணிந்து பேசுகிறவர் அல்லர். அரசை விமர்சித்துப் பேசியதற்காகப் பம்பாய் மாகாண அரசு அவர் அமைப்புக்கான மானியத்தை நிறுத்திவிட்டது. பள்ளிகள் தள்ளாடின. மானியத்தை நம்பி மட்டும் வளர்த்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். மக்கள் கைவிடவில்லை. துடைப்பத்தோடு ஊரூராகப் போய்த் தெருவைப் பெருக்கிக் கீர்த்தனை பாடிய காட்கே மகராஜ் அவருக்காக அரசிடம் பேசினார். மானியம் திரும்பி வந்தது. காந்தி கொல்லப்பட்ட பிறகு அவர் பெயரால் 101 உயர்நிலைப் பள்ளிகள் திறப்பதாகச் சபதம் எடுத்துக்கொண்டவரும் இதே பாவுராவ்தான்.

1959-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். மெட்ரிக் தாண்டாத மனிதருக்குப் புனே பல்கலைக்கழகம் டாக்டர் பட்டமும் கொடுத்தது. அதே ஆண்டு மே 9 அன்று காலமானார். அவர் விடுதியில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளில் ஒருவரான பி.ஜி. பாட்டீல், இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆகி, பின்னர் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். அமைப்பு இன்றும் நடக்கிறது. 400-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகள், 40-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். சின்னம் ஆலமரம்.

உங்கள் ஊரில் பிடியரிசி வாங்கி நடந்த பள்ளிக்கூடம் உண்டா? வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் கேட்டுப் பார்த்துக் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும், தெரிந்தால் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். குறித்து வைத்துக்கொள்கிறேன்.