வெயில் செய்த பாலையும் வெட்டுக்கத்தி செய்த பாலையும்

அகநானூற்றின் 400 பாட்டில் 200 பாட்டு பாலைத்திணை. ஒற்றைப்படை எண் வரும் இடமெல்லாம் பாலை என்று கணக்கு வைத்து அடுக்கியிருக்கிறார்கள். குறிஞ்சிக்கு 80, முல்லைக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் தலா 40. ராஜஸ்தானத்தின் தார் போல ஒரு பாலைவனம் தமிழ்நாட்டில் கிடையாது. இருந்தும் நம் புலவர்கள் பாதி நூலை வறண்ட நிலத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க இந்தக் கணக்கு என்னை விடவில்லை. பாலைவனம் என்றால் மாணவர்களுக்குச் சகாராவின் படத்தைக் காட்டுவோம். அந்தப் படத்தில் இருப்பதும் மணல்மேடுதான். சகாராவில் மணல் கால்பங்குதான், மீதி கல்லும் பாறையும் சரளையும் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் பாலைக்கு ஒரு பிறப்புக் கதை சொல்கிறது. பாலை என்று தனியாக ஒரு நிலம் பிறப்பதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து, வாடி, பாலை என்று ஆகின்றன. காடும் மலையும் நிலை கெட்ட கோலம் அது. கோடை போய் மழை விழுந்தால் மறுபடி காடாகிவிடும். சங்கப் பாலையின் கள்ளியும் ஓமையும் இருப்பையும், யா மரத்துப் பட்டையை உரித்து நாவை நனைத்துக்கொள்ளும் யானையும் அந்தத் தற்காலிக வறட்சியின் அடையாளங்கள்.

நான் அடி அண்ணாமலைக்காரன். எங்கள் ஊர் திருவண்ணாமலையின் மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டி இருக்கிறது. ஊரில் ஆதி அருணாசலேசுவரர் கோயில் உண்டு. மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. திருவெம்பாவையை அவர் இங்கேதான் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. விடியலில் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு குளத்துக்கு நீராடப் போகிற பாட்டு அது. நீர் தளும்பிய ஊரில்தான் அப்படி ஒரு பாட்டு பிறக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது கண்ட மலை மொட்டை மலை. 2,668 அடி உயரத்துக்கும் கல், முள், காய்ந்த புல். சித்திரையில் அதன் பக்கத்தில் நடந்தால் பாறையின் அனல் முகத்தில் அடிக்கும்.

அதையும் அழகு என்றவர்கள் உண்டு. தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் ஊர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்து, தவக்கோலத்தில் இருக்கிற மலை, ஒட்டுத்துணிகூட இல்லாத துறவி என்பார்கள். அந்த அழகு பொய்யில்லை. கிழக்கே டவுனில் இருப்பவர்களுக்குச் சாயங்காலம் மலை நிழலாகிவிடும். எங்கள் பக்கத்தில் மேற்கு வெயில் நேராகப் பாறையில் விழும். சாம்பல் நிறக் கல் செம்மண் நிறமாகி, பிறகு செம்பு நிறமாகி, சூரியன் இறங்கியபின்னும் கொஞ்ச நேரம் அந்த நிறத்தை விடாமல் வைத்திருக்கும். பார்த்து வளர்ந்தவன் நான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மொட்டைக் கோலத்தைத் தார்ப் பாலையோடும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டோடும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவை பாலையாகவே பிறந்தவை. இது ஆக்கப்பட்ட பாலை.

கணக்கு எளிது. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தைப் பாலைவனம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஜெய்சல்மேரில் சராசரியே 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். திருவண்ணாமலையில் சுமார் 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. இவ்வளவு மழை வாங்கும் மலை மொட்டையாக இருந்தால் அதற்குச் சூரியன் காரணம் இல்லை.

முன்பு எப்படி இருந்தது என்பதற்குப் பாட்டே சாட்சி. எங்களுக்கு வடமேற்கே இருக்கிற பர்வதமலையை நவிரமலை என்று சொல்கிறது மலைபடுகடாம். செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் 583 அடிப் பாட்டு. மலையில் கேட்கும் ஓசைகளை ஓரிடத்தில் அது வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்: அருவி, யானை, தேன் எடுப்பவர்கள், தினைப்புனம் காப்பவர்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் அண்ணாமலையைப் பாடும்போதும் அருவி முழங்குகிறது. பக்திக்காக அலங்காரம் செய்தார் என்று தள்ளிவிடலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு மலைகளைப் பற்றிப் பல நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பேர் ஒரே மாதிரி அலங்காரம் செய்திருப்பார்களா?

இது ஆடுமாடுகளின் நாடாகவும் இருந்திருக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களை இரா. நாகசாமி பதிப்பித்து 1972-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டது. மந்தையைக் கவர வந்தவர்களோடு மோதி விழுந்தவர்களுக்கு எடுத்த கற்கள் அவற்றில் நிறைய. எடுத்தனூர்க் கல் என் நெஞ்சை விட்டுப் போகாதது. மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல்லில், கள்வர் இருவரைக் கடித்துவிட்டுத் தன் எசமானனைக் காத்து நின்ற நாயையும் வடித்து, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். பாலைப் பாட்டுகளில் வழிப்போக்கன் தாண்டிப் போகும் நடுகற்கள் இந்த மண்ணில் கையால் தொடக்கூடியவை.

காடு எப்போது குறையத் தொடங்கியது என்று ஒரு நாளைக் குறிக்க முடியாது. 1767 செப்டம்பரில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்த படைக்கும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலப் படைக்கும் போர் நடந்தது. ஆயிரக்கணக்கான வீரரும் குதிரையும் காளையும் நாள்கணக்கில் இங்கே முகாமிட்டால் அத்தனை அடுப்புக்கும் விறகு எங்கிருந்து வந்திருக்கும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தது. சென்னை மாகாணத்து ரயில் எஞ்சின்கள் தொடக்கப் பல ஆண்டுகள் விறகில்தான் ஓடின. அவை தின்ற காடு கொஞ்சமில்லை. 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்ததற்குக் காடு தீர்ந்துவிடுமோ என்ற பயமும் ஒரு காரணம். 1896 செப்டம்பர் 1 அன்று ரமணர் ரயிலில் வந்து இறங்கியபோது மலையில் இன்னும் மரமும் நிழலும் இருந்தன. அவர் விருபாக்ஷி குகையில் இருந்த நாட்களில் சிறுத்தை வந்துபோனதை அடியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மிச்சத்தை முடித்தவர்கள் நாங்கள்தான். என் அம்மா “மலைக்குப் போறேன்” என்றால் சாமி கும்பிட இல்லை. வெட்டுக்கத்தியும் கயிறும் சும்மாட்டுத் துணியும் எடுத்துக்கொண்டு, தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு இருட்டில் புறப்படுவார். உச்சிவெயிலுக்குள் தலைச்சுமையோடு இறங்கிவிட வேண்டும். சுமை சாப்பாட்டுக் கடைக்குப் போகும், சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். விறகு கிடைக்காத மாதத்தில் கூரை வேயும் நெடும்புல். கசக்கினால் எலுமிச்சை மணக்கும் அந்தப் புல்லுக்காகவும் ஆட்டுக்குத் துளிர் வரவும் மாசி, பங்குனியில் யாராவது நெருப்பு வைப்பார்கள். ராத்திரி மலைமேல் செந்நிறக் கோடு ஊர்ந்து போவதைத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். நெருப்பில் தப்பிய குருத்தை வெள்ளாடு தின்னும். என் அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அந்தச் சுமையில்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தது. மரம் கைக்கு எட்டாமல் போனபோது வேர் தோண்டினார்கள். வேரும் போனபின் மண் இறங்கியது. மண் போன இடத்தில் மழை நின்று இறங்க வழியில்லை. பெய்த கையோடு ஓடைக்கல்லை உருட்டிக்கொண்டு ஓடிவிடும். அப்படித்தான் 1,000 மில்லிமீட்டர் மழையும் ஒரு பாலையும் ஒரே இடத்தில் இருக்க முடிந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு தார் பார்க்கப் போனேன். ஜெய்சல்மேருக்கு மேற்கே சாம் மணல்மேடுகளைச் சுற்றுலா வண்டிகள் மொய்க்கின்றன. ஒட்டகச் சவாரிக் கூச்சலைத் தாண்டி நடந்தால்தான் மணலில் காற்று போட்ட வரிகள் கலையாமல் கிடைக்கும். அழகுதான். ஆனால் என்னை நிறுத்திவைத்தது வழியில் கிராமங்களில் நின்ற மரம். கேஜ்ரி என்கிறார்கள், நம்முடைய வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலமரம். இங்கே கோயிலுக்குள் நிற்பது அங்கே கம்பு வயல் நடுவே நிற்கிறது. இலையைக் கழித்து ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள், காயை உலர்த்திக் கறி சமைக்கிறார்கள்; நான் சாப்பிட்டேன், நம் சுண்டைக்காய் வற்றலைப் போல ஒரு துவர்ப்பு. 1730-இல் ஜோத்பூர் அரண்மனைக்குச் சுண்ணாம்பு வேக வைக்க இந்த மரங்களை வெட்ட ஆட்கள் வந்தபோது, கேஜர்லி ஊரில் அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் விட்டார். அவரோடு சேர்த்து 363 பிஷ்னோய் மக்கள் மடிந்தார்கள். அங்கேயும் காளவாய்தான் கேட்டது. மழையே இல்லாத ஊர்க்காரர்கள் உயிரைக் கொடுத்து மரத்தைக் காத்தார்கள். மழை வாங்கும் ஊர்க்காரர்களான நாங்கள் வேரைத் தோண்டி விற்றோம். தாரின் அழகு என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான். அந்த மணலில் மானும் மயிலும் மனிதனும் ஒன்றாக இருக்கிறார்கள்.

நம் தேரி இன்னொரு விதம். திருச்செந்தூரிலிருந்து குதிரைமொழித் தேரிக்குள் போனால் மணல் குங்குமச் சிவப்பு. ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துரு பூசியிருப்பதால் வந்த நிறம். மலை இடைவெளி வழியே வரும் தென்மேற்குக் காற்று உள்நாட்டுச் செம்மண்ணை அள்ளிக் கொண்டுவந்து பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவித்தது. கடல் ஓரத்து மணல் வெளுப்பு, உள்ளே போகப் போகச் சிவப்பு. ஆப்பிரிக்காவின் நமீப் பாலையிலும் இதே ஒழுங்கு: அட்லாண்டிக் கரையில் வெளிர் மணல், உள்ளே செக்கச்செவேல் என்ற மேடுகள். அவை 300 மீட்டர்வரை எழும்புவன என்பதால் உலகம் போய்ப் பார்க்கிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் செம்மணல் நடுவே சுனைத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவன், நமீபுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை என்பேன். பனையும் கொல்லாமரமும் அந்த மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. யாழ்ப்பாணத்து மணற்காட்டில் அப்படி நிற்காத மணல் பழைய அந்தோனியார் ஆலயத்தையே மூடியது. அந்தச் சுவர்கள் மணலுக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். காற்று நடத்தும் வேலை என்பதால் அதிலும் ஒரு கம்பீரம் இருக்கிறது.

எங்கள் மலைக்குத் திரும்புகிறேன். 1980-களின் பிற்பகுதியில் ரமணாசிரமத்தை ஒட்டி வாழ்ந்த ஆஸ்திரேலியத் துறவி அபீதா அருணகிரி, தம் நாட்டு மழைக்காட்டுக் காவலர் ஜான் சீடுக்கு மலையின் நிலையைக் கடிதமாக எழுதினார். அதிலிருந்து பிறந்தது அண்ணாமலை மீள்காடு வளர்ப்புச் சங்கம். திருவண்ணாமலைப் பெரிய கோயிலின் மதில்களுக்கு நடுவே சும்மா கிடந்த வெளியை நாற்றங்கால் ஆக்கினார்கள். கொடையாக வந்த பொட்டல் நிலத்தில் தோப்பு எழுப்பிக் காட்டினார்கள். பின்னால் தி ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை போன்றவர்களும், வனத்துறையும், ஊர் இளைஞர்களும் சேர்ந்தார்கள். மலைச்சரிவில் நடுவதைவிட முக்கியமான வேலை நெருப்பைத் தடுப்பது. கோடைக்கு முன்பே புல்லை அறுத்துச் சரிவில் அகலமான வெற்றுக்கோடு போடுவார்கள். தீ அந்த இடத்தில் தின்ன ஒன்றுமில்லாமல் நிற்கும். எரியாத வருடங்கள் தொடர்ந்து வந்தபோது பாறை இடுக்கில் தானாகவே செடி கிளம்பியது. நட்டவற்றில் வெப்பாலை, உசிலை, இலுப்பை, நாவல், புங்கன் பிடித்துக்கொண்டன. வேலிகாத்தானை, அதுதான் சீமைக்கருவேலத்தை, நடவில்லை. பசுமை என்ற பெயரில் தார்ப் பாலையிலும் நம் கண்மாய்களிலும் அதைப் பரப்பியதன் பலனை இரண்டு இடத்திலும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று எங்கள் பக்கத்துச் சரிவு அடிவாரத்திலிருந்து பாதிவரை பசுமை. மேலே பாறையும் புல்லும். சிலர் உச்சிவரை மரம் வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாறை வெயில் காலத்துக்கு உரியது, புல்லும் அப்படியே. அங்கே மரத்தைத் திணிப்பது இன்னொரு வகையில் மலையின் இயல்பைத் திரிப்பது. நடுச்சரிவில் காடு, உச்சியில் கல், சித்திரையில் இலை உதிர்ந்த கொம்புகள், ஐப்பசியில் துளிர். காடுகாண் காதை சொன்ன பாலை இதுதான். வேனிலோடு வந்து மழையோடு போவது.

மாசி பிறந்துவிட்டால் தீத்தடுப்புக் கோடு போடுகிற வேலைக்கு ஆள் வேண்டும். காடு வளர்ப்பவர்கள் காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் கூடுவார்கள். அறுவாள் அவர்களே தருவார்கள், தண்ணீர் மட்டும் கொண்டுபோனால் போதும். கிரிவலம் வருகிறவர்கள் மாசி முதல் ஆனிவரை காட்டு ஓரத்தில் கற்பூரம் ஏற்ற வேண்டாம், பீடித்துண்டைப் புல்லில் எறிய வேண்டாம். அந்த மாதங்களில் சரிவில் புகை தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே வனத்துறைக்கோ பக்கத்துக் கடைக்காரருக்கோ சொல்லுங்கள்.