ஜான் டெமியான்யுக் வழக்குகள்

ஜான் டெமியான்யுக் வழக்குகள் என்பவை, நாஜிக் கொலைமுகாம்களில் காவலராக இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர்மீது இஸ்ரேலிலும் ஜெர்மனியிலும் நடந்த போர்க்குற்ற விசாரணைகள். ஜெருசலேம் வழக்கு உயிர் பிழைத்தோரின் அடையாளச் சாட்சியத்தைச் சார்ந்திருந்தது. மியூனிக் வழக்கு ஆவணங்களைச் சார்ந்திருந்தது. யூத இனப்படுகொலை வழக்குகளில் இவ்விருவகைச் சான்றுகளின் வலிமையையும் வரம்பையும் இவை தெளிவாகக் காட்டுகின்றன.

பின்னணி

டெமியான்யுக் 1920-ல் உக்ரைனில் பிறந்தார். செம்படை வீரரான அவர் 1942-ல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். அக்காலத்தில் எஸ்.எஸ். படை, சோவியத் போர்க்கைதிகள் பலரைத் தேர்ந்தெடுத்து, போலந்தின் திராவ்னிக்கியில் முகாம் காவலர்களாகப் பயிற்றுவித்தது. போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய டெமியான்யுக், கிளீவ்லாந்தில் கார் ஆலைத் தொழிலாளியாக இருந்தார். 1981-ல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1986-ல் இஸ்ரேலிடம் ஒப்படைக்கப்பட்டார்.

ஜெருசலேம் வழக்கு

திரெப்ளிங்கா முகாமில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் கொல்லப்பட்டனர். பிழைத்தோர் நூறு பேர்கூட இல்லை. அங்கே நச்சுவாயு அறைகளை இயக்கிய காவலனைக் கைதிகள் ‘கொடூர இவான்’ என்றனர். அவனே டெமியான்யுக் என்பது அரசுத் தரப்பின் வாதம். 1987 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. சாட்சியம் அளித்த முதியவர்கள், தம் குடும்பங்கள் அழிந்ததையும் பிணங்களை அகற்றும் வேலை தம்மீது சுமத்தப்பட்டதையும் விவரித்துவிட்டு, எதிரே இருந்தவரை இவான் என்று உறுதியாக அடையாளம் காட்டினர். முகாமைப் பற்றி அவர்கள் சொன்னதில் யாருக்கும் ஐயம் இல்லை. கேள்விக்குள்ளானது அடையாளம் மட்டுமே.

டச்சு உளவியலாளர் வில்லெம் வாகனார், புலனாய்வில் படங்களைக் காட்டிய முறை ஒருதலைப்பட்சமானது என்று சாட்சியம் அளித்தார். வரிசையிலிருந்த பிற முகங்கள் டெமியான்யுக்கின் சாயலில் இல்லை என்பது அவர் சுட்டிய குறைகளுள் ஒன்று. சாட்சிகளில் ஒருவரான எலியாஹு ரோசன்பர்க், 1943 ஆகஸ்ட் 2-ல் முகாமில் கைதிகள் நடத்திய கிளர்ச்சியில் இவான் கொல்லப்பட்டதாக 1947-ல் எழுதித் தந்திருந்தார். அது பிறர் சொல்லக் கேட்டது என்று நீதிமன்றத்தில் விளக்கினார். 1393 என்ற எண்ணுடைய திராவ்னிக்கி அடையாள அட்டையும் சான்றாக வைக்கப்பட்டது. ஆனால் அதில் சோபிபோர் என்ற வேறொரு கொலைமுகாமின் பணி பதிவாகியிருந்ததே தவிர, திரெப்ளிங்காவின் பெயர் இல்லை.

1988 ஏப்ரலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது சோவியத் ஆவணக் காப்பகங்கள் திறந்தன. அங்கிருந்த திரெப்ளிங்கா காவலர்களின் பழைய வாக்குமூலங்கள், வாயு அறையை இயக்கியவன் பெயர் இவான் மார்ச்சென்கோ என்றன. நியாயமான ஐயம் எழுந்ததால், 1993 ஜூலை 29-ல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் டெமியான்யுக்கை விடுவித்தது. அவர் திராவ்னிக்கி காவலராகப் பணிபுரிந்ததற்குச் சான்று இருப்பதையும் அது பதிவு செய்தது.

மியூனிக் வழக்கு

அமெரிக்கா திரும்பிய டெமியான்யுக்கின் குடியுரிமை திருப்பித் தரப்பட்டு, மீண்டும் பறிக்கப்பட்டது. 2009-ல் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். இம்முறை சோபிபோர்ப் பணியே குற்றச்சாட்டு. சோபிபோரில் பிழைத்த தாமஸ் பிளாட் போன்றோர் சாட்சியம் அளித்தும், டெமியான்யுக்கை நினைவிருப்பதாக எவரும் கூறவில்லை. முகாம் எப்படி இயங்கியது என்பதை நிறுவுவதே அவர்கள் சாட்சியத்தின் பணி. ஆளை நிறுவியவை அடையாள அட்டையும் பணி மாற்றப் பட்டியல்களும். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து புறப்பட்ட ரயில்களின் பெயர்ப் பட்டியல்கள், அவர் பணிக்காலத்தில் கொல்லப்பட்டோரைக் கணக்கிட உதவின. 2011 மே 12-ல், 28,060 பேரின் கொலைக்கு உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு முடியுமுன், 2012 மார்ச்சில் அவர் இறந்ததால் தீர்ப்பு இறுதியாகவில்லை.

முக்கியத்துவம்

அதுவரை ஜெர்மன் நீதிமன்றங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட கொலைச் செயலுக்கு நேரடிச் சான்று கேட்டன. கொல்வதற்காகவே இயங்கிய முகாமில் காவல் புரிந்ததே உடந்தை எனக் கொண்டது மியூனிக் நீதிமன்றம். இவ்வழியில் 2015-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் பணியாற்றிய ஓஸ்கார் குரோனிங் தண்டிக்கப்பட்டார். 2016-ல் ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

ஜெருசலேம் விடுதலையைக் காட்டிப் பிழைத்தோரின் சொல்லையே பொய் என்போர் உண்டு; அது பெரும் அநீதி. கொலைகாரர்கள் தடயங்களை அழித்துவிட்ட இடத்தில், என்ன நடந்தது என்பதை உலகம் பெருமளவு பிழைத்தோர் வாயிலாகவே அறிந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு முகத்தை அடையாளம் காட்டும் பொறுப்பை முழுதும் அவர்கள்மீது ஏற்றியது புலனாய்வின் தவறு. சாட்சிகளைத் துணையின்றி விடாமல் ஆவணங்களைத் தேடித் திரட்டுவதும் நீதித்துறை அவர்களுக்குச் செய்யும் மரியாதையே.