கல்மூங்கிலும் கரியிழையும்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காவிரிக் கரையை நோக்கிச் செல்வோர் வழிநெடுக வறண்ட காடுகளைக் காண்பர். அக்காடுகளில் புதர் புதராக ஒருவகை மூங்கில் வளர்கிறது. அதனைக் கல்மூங்கில் என்பர். அதன் உள்துளை மிகச் சிறியது. வறண்ட நிலத்தில் வளர்ந்த சில கழிகளில் துளையே இராது. தாவர நூலார் இதற்கு டெண்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ் என்று பெயரிட்டுள்ளனர். கூடை முடைவோர்க்கும் கூரை வேய்வோர்க்கும் பயன்பட்டு வரும் இம்மூங்கில், ஒரு காலத்தில் குதிரைப் படையினரின் ஈட்டிக் காம்பாகவும் விளங்கிற்று. மேனாட்டார் இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்கும் தூண்டிற்கோலுக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. அவ்வுறவின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

தூண்டிற்கோல் என்பது வெறும் கழிதானே, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். அது மூன்று தொழில்களைச் செய்யும் கருவி. இரையைத் தொலைவில் வீசும்பொழுது அது வில். மீனை இழுக்கும்பொழுது அது நெம்புகோல். இரையை மீன் தொட்டதைக் கைக்கு அறிவிக்கும்பொழுது அது நரம்பு. முதல் இரண்டையும் எந்த நல்ல கழியும் ஓரளவு செய்யும். மூன்றாவதே அரிது.

கழியின் இயல்பை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியிருந்தனர். குறுந்தொகையின் 54-ஆம் பாட்டில், காட்டு யானை வளைத்துப் பிடித்துக் கைவிட்ட பசிய மூங்கில் மேலெழுவதற்கு மீன் பிடிக்கும் தூண்டிற்கோல் உவமையாகிறது. அவ்வுவமையின் அழகால் பாடியவர்க்கு மீனெறி தூண்டிலார் என்னும் பெயரே வழங்கலாயிற்று. வளைந்த கழி விட்டவுடன் விரைந்து நிமிரும் அப்பண்பே இன்றும் தூண்டிற்கோலின் தரத்தை அளக்கும் முதல் அளவை. விறைப்பு மிகுந்தும் எடை குறைந்தும் இருக்கும் கோல் விரைந்து நிமிரும். எடை மிகுந்த கோல் மெல்ல நிமிர்ந்து, நின்ற பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். அவ்வாட்டத்துக்குள் மீனின் மெல்லிய தொடுகை மறைந்துவிடும்.

அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் என்னும் மீனைப் பிடிப்போரே இந்நுட்பத்தை மிகுதியும் வேண்டியவர்கள். அம்மீன் அடித்தளத்துக் கட்டைகளின் நிழலில் பதுங்கியிருக்கும். மண்புழுவைப் போன்று செய்த மென்மையான பொய்யிரையை அடியில் ஊர விட்டால், அது பல வேளைகளில் இழுத்து ஓடாது. வாயால் உறிஞ்சி, ஐயுற்றால் உடனே துப்பிவிடும். அந்த ஒரு கணத்தைக் கை உணர்ந்தாக வேண்டும். 1925-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்ட இம்மீன் அந்நாட்டிலும் பரவிற்று. அதன் பின்னர் தூண்டிற்கோல் செய்வதில் அமெரிக்கரும் ஜப்பானியரும் ஒருவரையொருவர் விஞ்ச முனைந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் மேனாட்டார் கனத்த மரங்களில் கோல் செய்தனர். 1840-களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்தில் சாமுவேல் பிலிப்பி என்னும் துப்பாக்கித் தொழிலாளர், மூங்கிலை நீளவாக்கில் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்தார். பின்னர் ஹைரம் லெனார்டு ஆறு கீற்றுக் கோலைப் பொறி கொண்டு செய்து பெரும்புகழ் பெற்றார். அக்காலத்தில் அவர்கள் கையாண்ட மூங்கில் கல்கத்தாத் துறைமுகத்தினின்று கப்பலேறியது. கல்கத்தா மூங்கில் என்றே அங்கு அதற்குப் பெயர். அது நம் கல்மூங்கிலின் இனமே என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைக் கைப்பற்றிற்று. அதன் கழிகள் நேரானவை, கணுக்கள் புடைப்பற்றவை.

மூங்கிலைப் பிளந்து ஒட்டுவானேன்? மூங்கிலின் வலிமை அதன் மேற்பட்டையை அடுத்தே செறிந்திருக்கிறது. இழைகள் புறத்தே நெருங்கியும் அகத்தே விலகியும் அமைந்துள்ளன. உள்ளிருக்கும் மென்பகுதியைச் சீவி எறிந்து, புறத்துப் பகுதியை மட்டும் கூட்டினால் எடை குறையும், விறைப்புக் குறையாது. பின்னர் வந்த முன்னேற்றம் யாவும் இவ்வொரு கருத்தின் விரிவே ஆகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழைக் கோல்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. 1950-இல் சீனப் பொருள்களை அமெரிக்கா தடை செய்யவே, டோங்கின் மூங்கிலின் வரத்து நின்றது, கண்ணாடியிழை கொழித்தது. அது மலிவானது, எளிதில் முறியாதது. ஆயினும் அதன் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகையால் அது மிகுதியாக வளைந்தது, செய்தியை விழுங்கியது.

அக்குறையைப் போக்கியது கரியிழை. மூங்கிலுக்கும் கரிக்கும் முன்னரே தொடர்பு உண்டு. 1880-இல் எடிசன் தம் மின்விளக்குக்கு ஜப்பானிய மூங்கில் நாரைக் கரியாக்கியே இழை அமைத்தார். ஆயினும் அவ்விழை ஒளி தருவதற்கு மட்டுமே உதவிற்று. 1960-களில் ஜப்பானின் அகியோ ஷிண்டோவும், இங்கிலாந்தின் பார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தாரும் வேறு வழியை வகுத்தனர். ஆடைக்குப் பயன்படும் அக்ரிலிக் நூலை இழுத்துப் பிடித்தபடி முதலில் இருநூறு, முந்நூறு டிகிரி வெப்பத்தில் பதப்படுத்தி, பின்னர்க் காற்றில்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால், கரி அணுக்கள் நூலின் போக்கிலேயே வரிசைப்படும். அவ்வாறு பெற்ற இழை எஃகைவிடச் சற்று விறைப்பு மிகுந்தது. எடையிலோ எஃகில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. விமானத்துக்கென்று பிறந்த அவ்விழை 1970-களில் தூண்டிற்கோலாயிற்று.

இக்காலக் கோல் செய்யும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். பசை ஊட்டிய கரியிழைத் தாளை வேண்டிய வடிவில் வெட்டி, நுனி நோக்கி மெலியும் எஃகுக் கம்பியின் மீது சுருட்டுவர். மேலே நாடா இறுகச் சுற்றி, அடுப்பில் சுட்டு, கம்பியை உருவிவிடுவர். எஞ்சுவது உள்ளீடற்ற குழல். பசை விறைப்புத் தருவதில்லை. எடையை மட்டும் தருகிறது. ஆகவே பசை குறையக் குறையக் கோல் சிறக்கும். சுவரை மெலிதாக்கிக் குழலை அகலமாக்கினாலும் எடை ஏறாமல் விறைப்பு ஏறும். ஆனால் மெல்லிய குழல் வளையும்பொழுது நசுங்கும். அதனைத் தடுக்கக் குறுக்காகவும் சாய்வாகவும் இழைகளை இடுவர். மூங்கிலில் கணு செய்யும் வேலையை இங்கே குறுக்கிழை செய்கிறது.

எடையில் மிகக் கொடியது நுனி எடை. கைப்பிடியில் ஏறும் பத்துக் கிராமைக் கை பொருட்படுத்தாது. நுனியில் ஏறும் ஒரு கிராமையும் அது உணரும். ஆகையால் நூல் செல்லும் வளையங்களைச் சிறிதாக்கி, டைட்டேனியச் சட்டத்தில் சிலிக்கன் கார்பைடு வளையம் பதிப்பர். கைப்பிடியைக் குறைத்து, விரல் கோலின் உடலையே தொடும்படி சுருள் இருக்கையில் திறப்பு வைப்பர். கல்மூங்கில் கழி ஒன்றையும், ஏழடி நீளத்தில் நூறு கிராம் அளவே எடையுள்ள கரியிழைக் கோல் ஒன்றையும் நான் ஒருங்கே ஏந்திப் பார்த்ததுண்டு. மணலில் இழுத்த சிறு ஈயக்குண்டு ஒரு கூழாங்கல்லின் மேல் ஏறி இறங்கியதைக் கரியிழைக் கோல் விரலுக்குச் சொல்லிற்று. மூங்கிலோ ஏதோ நிகழ்ந்தது என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

இதற்கு விலையும் உண்டு. விறைப்பு மிக மிக இழை நொறுங்கும் இயல்பை அடைகிறது. படகின் விளிம்பில் மோதிய சிறு கீறலும் பின்னொரு நாள் கோலை முறித்துவிடும். மூங்கில் முறியுமுன் முனகி எச்சரிக்கும், கரியிழை எச்சரிப்பதில்லை.

இவ்வறிவு நம் எல்லைப்புறத்துக்குத் தொலைவில் இல்லை. பெங்களூரில் வடிவமைக்கப்பெற்று 2001-இல் முதன்முதல் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் உடலின் மேற்பரப்பில் பெரும்பகுதி கரியிழைக் கலவையே. தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்னும் இழைக்கலவைச் சிறுவிமானம், ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் உருவாக்கப்பட்டது. கல்மூங்கில் காட்டின் ஓரத்திலேயே இழைக்கலவைத் தொழிலும் கால்கொண்டுவிட்டது.

ஆனால் கோல் எவ்வளவு சிறந்தாலும் ஆற்றில் மீன் இருக்க வேண்டுமன்றோ? காவிரியின் மகசீர் மீன் உலகப் புகழ் பெற்றது. சென்னை மாகாணச் சிவில் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூலில் மகசீருக்கே முதன்மை தந்தார். 1946-இல் காவிரியின் கிளையான கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மீன் தூண்டிலில் பிடிபட்டது. காவிரி ஆற்றுத் தொகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மகசீர், இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக 2018-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது.

இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தவற்றுள் தூண்டிற்காரரின் குறிப்பேடும் ஒன்று. நம் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை, பிடித்த மீனை எடையிட்டு மீண்டும் ஆற்றில் விட்டு, கணக்கை எழுதி வைத்தனர். பின்னர் ஆராய்ச்சியாளர் அக்கணக்கைப் புரட்டினர். திமில் மகசீரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்தது. பிடிபட்டவற்றின் சராசரி எடையோ ஏறிக்கொண்டே சென்றது. முதியவை மட்டும் எஞ்சின. குஞ்சுகள் வளரவில்லை என்பதே அதன் பொருள். அவற்றின் இடத்தில், வேற்றிடத்துப் பண்ணையில் பொரித்துக் கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியிருந்தது. நல்லெண்ணத்தோடு விட்ட குஞ்சுகள் ஆற்றின் சொந்த மக்களை நெருக்கிவிட்டன.

இன்று அப்பகுதிக் கானகங்கள் இரு மாநிலங்களிலும் சரணாலயங்கள். தமிழகப் பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. கர்நாடகச் சரணாலயத்தில் பொழுதுபோக்குத் தூண்டிலும் நிறுத்தப்பட்டது. ஆகவே அங்கு எழுதப்பட்டு வந்த கணக்கும் நின்றது. மீனைக் காக்க விதித்த தடை, மீன் இருக்கிறதா என்று அறிவிக்கும் கண்ணையும் மூடியது. கோல் வேண்டா என்றால், அக்கணக்கை வேறு வழியில் எழுதும் கடமை நம்முடையது. நீரின் அடியில் நிகழும் மெல்லிய மாற்றத்தை உணர்வதற்கென்றே மனிதன் நூற்றெண்பது ஆண்டுகளாகக் கழியை மெலிதாக்கி வந்தான். அவ்வுணர்வு கழியோடு போய்விடலாகாது.