உலக சாம்பியன்கள் ஓட்டிய இந்திய பைக்... 7 சீசனிலேயே மஹிந்திரா ரேஸிங் டீம் விலகியது ஏன்?

மஹிந்திரா என்றதும் புதுக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் டிராக்டர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதே கம்பெனி 2011 முதல் 2017 வரை உலக பைக் ரேஸ் களத்தில் சொந்த பைக்குகளை இறக்கியது பலருக்குத் தெரியாது.

எப்படி ஆரம்பித்தது?

2008ல் கைனெடிக் மோட்டாரின் டூவீலர் தொழிலை வாங்கிய மஹிந்திரா, 2011ல் 125சிசி உலக சாம்பியன்ஷிப்பில் நுழைந்தது. பைக் தயாரானது இத்தாலியில். அந்த சீசனின் கடைசி ரேஸில், ஸ்பெயினின் வாலென்சியாவில், டேனி வெப் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார்.

2012ல் 125சிசி பிரிவு நீக்கப்பட்டு, 250சிசி இன்ஜின் கொண்ட மோட்டோ3 வந்தது. அதில் மஹிந்திரா முதலில் தடுமாறியது. 2013ல் சுவிட்சர்லாந்தின் சூட்டர் நிறுவனத்தோடு சேர்ந்து புது பைக் தயாரித்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஆண்டு மலேசியாவில் போர்ச்சுகல் வீரர் மிகெல் ஒலிவெய்ரா, முதல் 3 இடங்களுக்குள் வந்து வெற்றி மேடை ஏறினார்.

முதல் வெற்றி எப்போது?

2015 முதல் டீமை நடத்தும் வேலை ஸ்பெயினின் அஸ்பார் அணியிடம் போனது. 2016 ஜூன் 26, நெதர்லாந்தின் அசென் டிராக். இத்தாலி வீரர் பிரான்செஸ்கோ பன்யாயா ஜெயித்தார். மஹிந்திராவுக்கு முதல் வெற்றி! அதே ஆண்டு மலேசியாவிலும் அவரே முதலிடம்.

ஏன் விலகியது?

மோட்டோ3ல் மோத வேண்டியது ஹோண்டா, கேடிஎம் என்ற இரு ஜாம்பவான்களோடு. ரேஸில் ஓடியதும் கடையில் விற்கிற வண்டி கிடையாது. அதனால் செலவு செய்த பணம் ஷோரூம் விற்பனையாகத் திரும்புவது கஷ்டம். 2014 முதலே எலெக்ட்ரிக் கார் ரேஸான ஃபார்முலா ஈ-யிலும் இருந்த மஹிந்திரா, அதில் கவனம் செலுத்தப் போவதாக அறிவித்து, 2017 சீசனோடு மோட்டோ3க்கு டாட்டா சொன்னது.

நம்ம ஊர் வீரர்கள்?

உலகப் போட்டியில் மஹிந்திரா டீமின் முக்கிய வீரர்கள் எல்லாருமே வெளிநாட்டவர்கள். சென்னை வீரர் சரத்குமார் 2011ல் 125சிசி உலகப் போட்டியில் ஓட்டினார். ஆனால் அது வேறொரு அணிக்காக, அப்ரிலியா பைக்கில்.

பிறகு என்ன ஆச்சு?

பன்யாயா 2022, 2023ல் மோட்டோஜிபி உலக சாம்பியன். 2015, 2016ல் அவருடன் அதே டீமில் ஓட்டிய ஜார்ஜ் மார்ட்டின், 2024 சாம்பியன். 2023 செப்டம்பரில் இந்தியாவில் முதல் முறையாக மோட்டோஜிபி நடந்தபோது ஜெயித்தவர் மார்கோ பெசெக்கி. 2017ல் மஹிந்திரா பைக் ஓட்டியவர். இரண்டாமிடம், அதே மார்ட்டின்.

வளர்த்துவிட்ட கம்பெனி மட்டும் அன்று டிராக்கில் இல்லை.